புது ஹைபிரிட்: டீலர்கிட்டயே விடணுமா, நாமளே பார்த்துக்கலாமா?

புதுஸ்டியரிங்

வணக்கம் நண்பர்களே. பழைய பெட்ரோல் காருக்கு ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக் எல்லாம் நானேதான் மாத்துவேன். இப்போ வாங்கியிருக்கிறது ஃபுல் ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினோட மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற வகை. சாவியைக் கொடுக்கும்போதே சேல்ஸ்காரர், "பானெட்டைத் திறக்கவே வேண்டாம் சார், உள்ளே ஹை வோல்டேஜ். வெளியில சர்வீஸ் பண்ணினா வாரண்டியும் போயிடும்"னு சொல்லிட்டார்.

முதல் பெரிய சர்வீஸ் நெருங்குது. எதை நான் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? வாரண்டி நிஜமாவே போயிடுமா? பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாத்திக் கொடுக்கிற இன்வெர்ட்டரைப் பிரிச்சு மேயுற ஆசையெல்லாம் எனக்கு இல்ல. ஆயில் மாத்துறதுக்குக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்கணுமாங்கிறதுதான் உறுத்துது.

கணக்குப்பிள்ளை

வாரண்டி முடியுற வரைக்கும் டீலரே கதி. பேட்டரி பேக், இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஆக்ஸில் (மோட்டார்களும் கியரும் இருக்கிற பெட்டி) இந்த மூணுல ஒண்ணு படுத்தாலே, நீங்க ஆயில்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே நாள்ல கரைஞ்சிடும். அன்னைக்கு கவுண்டர்ல நின்னு "ஆயில் நான்தான் மாத்தினேன், சத்தியமா மாத்தினேன்"னு வாதாட முடியாது. விக்கும்போதும் வாங்க வர்றவர் முதல்ல கேக்கிறது சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான்.

ஸ்பானர்செட்

பானெட்டைத் திறக்காதேன்னு சொல்றவர் வைப்பர் தண்ணியை எங்கே ஊத்துவாராம்?

ஹைபிரிட்னதும் என்னமோ ராக்கெட்ன்ற மாதிரி பயமுறுத்துறாங்க. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பிரிச்சுக் கொடுக்கிற டொயோட்டா வகை பவர் ஸ்ப்ளிட் சிஸ்டத்தை எடுத்துக்கோங்க. ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, இன்ஜினைச் சுத்தி விடுறது முதல் மோட்டார் ஜெனரேட்டர். ஆல்டர்னேட்டர் கிடையாது, 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது டிசி-டிசி கன்வெர்ட்டர். ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்துல ஓடுது. 2009-ல வந்த மூணாம் தலைமுறை பிரியஸ்லேர்ந்து வாட்டர் பம்பும் மின்சாரம். அதனால இன்ஜின் முன்னால பெல்ட்டே இல்ல. கிளட்ச் இல்ல, டார்க் கன்வெர்ட்டர் இல்ல. பெட்ரோல் கார்ல வழக்கமா மக்கர் பண்ற ஐட்டங்கள்ல பாதி இதுல கிடையாது.

மிச்சம் இருக்கிற இன்ஜின், நீங்க இவ்வளவு நாள் கழட்டி மாட்டின அதே இன்ஜின்தான். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர் ரப்பர், டயர் ரொட்டேஷன் எதுலயும் ஹை வோல்டேஜ் பக்கமே போக வேண்டியதில்ல.

புதுஸ்டியரிங்

@ஸ்பானர்செட் ஆயில்ல ஏதாவது வித்தியாசம் உண்டா? கையேட்டுல 0டபிள்யூ-16னு போட்டிருக்கு. இவ்வளவு தண்ணியான ஆயிலை நான் ஊத்தினதே இல்ல.

ஸ்பானர்செட்

போட்டிருக்கிறதையே ஊத்துங்க. டப்பாவுல ஐஎல்எஸ்ஏசிங்கிற ஆயில் தரக்குறியீடு ஜிஎஃப்-6பி, இல்லேன்னா அதுக்கப்புறம் 2025-ல வந்த ஜிஎஃப்-7பி இருக்கான்னு பாருங்க. 0டபிள்யூ-16க்குன்னே 2020-ல வந்த தரம் 6பி. கிடைக்கலேன்னா 0டபிள்யூ-20 ஊத்தலாமான்னு கையேட்டுலயே ஒரு வரி இருக்கும், அதுக்கு மேல கெட்டியாப் போக வேண்டாம்.

ஒரு விஷயம். ஹைபிரிட்ல இன்ஜின் விட்டு விட்டு ஓடும். பக்கத்துல பக்கத்துலயே போய் வர்றவங்களுக்கு ஆயில் முழுசா சூடேறாது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயில்லயே தங்கிடும். "பாதி நேரம் இன்ஜின் ஆஃப்லதானே இருக்கு, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்"னு கணக்குப் போடாதீங்க. கிலோமீட்டர் வரலேன்னாலும் மாசக் கணக்கு வந்தா மாத்திடணும்.

ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் வகையா இருந்தா மூடி மேலயே டார்க் அளவு அச்சாகி இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாம முறுக்காதீங்க. பழைய ஓ-ரிங் மூடியோட பள்ளத்துல ஒட்டிக்கிட்டே இருக்கும். அதை எடுக்காம புதுசை மேலேயே மாட்டினா சொட்டு சொட்டா ஒழுகும். டிரெயின் பிளக் வாஷர் தடவைக்கு ஒண்ணு.

ஆரஞ்சுவயர்

ஹைபிரிட் பணிமனையில வேலை பார்க்கிறவன். ஸ்பானர்செட் சொன்னதுல தப்பில்ல, ஆனா அவர் வேகமாத் தாண்டிப் போன இடத்துலதான் ஆபத்து இருக்கு.

முதல்ல ரெடி விளக்கு. டேஷ்போர்டுல அது எரியும்போது இன்ஜின் ஓடலேன்னா ஆஃப்ல இருக்குன்னு அர்த்தமில்ல. பேட்டரி சார்ஜ் இறங்கினாப் போதும், நீங்க ஆயில் டிரெயின் பண்ணிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும். பிளக் கழட்டின இன்ஜின் ஆயில் இல்லாம ஓடினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல, ரேடியேட்டர் ஃபேன் பக்கத்துல விரல் இருந்தா அதைவிட மோசம். கார் அடியில போறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணி, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள்ள கொண்டு போய் வச்சிடுங்க. பாக்கெட்டுல வேண்டாம்.

ரெண்டாவது ஆரஞ்சு கேபிள். என் பேரே அதுதான். மூணாம் தலைமுறை பிரியஸ் பேட்டரி 201.6 வோல்ட், அதை பூஸ்ட் கன்வெர்ட்டர் 650 வோல்ட் வரைக்கும் ஏத்தும். நேர் மின்சாரம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்துன்னுதான் எங்க தொழில்ல வச்சிருக்கோம். நாங்க வேலை பார்க்கும்போது 12 வோல்ட் நெகட்டிவைக் கழட்டி, பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவி, அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கிட்டு, பத்து நிமிஷம் சும்மா நிப்போம். இன்வெர்ட்டர் உள்ள இருக்கிற கபாசிட்டர் இறங்கணும். அப்புறமும் மீட்டர் வச்சு பூஜ்யம்னு பார்த்த பிறகுதான் கை வைப்போம். கையுறை 1000 வோல்ட் தரம். போடுறதுக்கு முன்னாடி வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காத்தை அடைச்சு, கன்னத்துக்கிட்ட வச்சுப் பார்ப்போம். ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூடக் காத்து வர்றது தெரியும். இவ்வளவும் வீட்டுல செய்யப் போறீங்களா? இல்லேன்னா ஆரஞ்சு போற இடம் உங்க இடம் இல்ல.

மூணாவது பிரேக். அதைத் தனியா எழுதுறேன், பெருசு.

மெதுவாப்போ

பிரேக்கைச் சீக்கிரம் எழுதுங்க. பிரேக் போட்டா மோட்டாரே வேகத்தைக் குறைச்சுடுது, பேட் தேயவே தேயாது, பார்க்கவே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார்.

ஆரஞ்சுவயர்

தேயாது, அதனாலதான் பார்க்கணும். பேட் அதிகம் உரசாததால டிஸ்க்குல துரு நிக்கும். பேடை அமுக்கிப் பிடிக்கிற காலிப்பர் நகர்ற ஸ்லைட் பின்னுல கிரீஸ் காய்ஞ்சு இறுகிடும். ஒரு பக்கப் பேட் புதுசு மாதிரியும் மறுபக்கம் தகடு தெரியுற அளவுக்குத் தேய்ஞ்சும் வர்ற ஹைபிரிட்கள் எங்க பணிமனைக்குச் சர்வ சாதாரணம். வருஷம் ஒரு தடவை சக்கரத்தைக் கழட்டி, பின்னை உருவித் துடைச்சு, சிலிகோன் கிரீஸ் தடவி மாட்டுங்க. இதை வீட்டுல செய்யலாம், ஒரு நிபந்தனையோட.

பல டொயோட்டா ஹைபிரிட்கள்ல பிரேக் அழுத்தத்தைப் பம்ப் ஒண்ணு முன்கூட்டியே ஏத்தி வச்சிருக்கும். கார் ஆஃப்ல இருந்தாலும் டிரைவர் கதவைத் திறந்தாலே அந்தப் பம்ப் ஓடும், காலையில கதவைத் திறந்ததும் முன்னால ஒரு ஊஊங்னு சத்தம் வருமே, அதுதான். காலிப்பரைக் கழட்டித் தொங்கவிட்டிருக்கும்போது வீட்டுல யாராவது வந்து கதவைத் திறந்தாலோ பெடலை மிதிச்சாலோ பிஸ்டன் வெளியே வரும். அதனால வேலை முடியுற வரைக்கும் எல்லாக் கதவும் மூடியே இருக்கணும், உங்க மாடலுக்கு பிரேக்கைச் செயலிழக்க வைக்கிற முறையையும் ரிப்பேர் மேனுவல்ல பார்த்துக்கணும். பின்பக்கம் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்னா அதை மெயின்டெனன்ஸ் மோடுக்குக் கொண்டு போகாம பிஸ்டனை அமுக்கக் கூடாது.

பிரேக் ஆயில் மாத்தி காத்து எடுக்கிறது வேற கதை. பெரும்பாலும் கார் கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேன் டூல் வேணும். அதை விட்டுடுங்க.

கணக்குப்பிள்ளை

இதைத்தான் நானும் சொன்னேன். கதவைத் திறந்தா பிஸ்டன் வெளியே வருமாம்! இப்படிப்பட்ட வண்டியை எதுக்கு வீட்டு வாசல்ல போட்டுக் கழட்டணும்?

இரண்டாவதுகியர்

> இப்படிப்பட்ட வண்டியை எதுக்கு வீட்டு வாசல்ல போட்டுக் கழட்டணும்?

ஏன்னா டீலர் கழட்டுறதில்ல, அண்ணே. போன சர்வீஸ்ல கேபின் ஃபில்டர் மாத்தினதா பில் போட்டாங்க. ஓரத்துல நான் பேனாவால போட்டிருந்த கோடு அப்படியே இருந்துச்சு. பிரேக் சுத்தம் பண்ணினதாவும் பில், வீல் நட்டுல படிஞ்சிருந்த தூசிகூடக் கலையல. யார் எவர்னு சொல்லி இழையைத் திசைதிருப்ப விரும்பல. ஆனா சர்வீஸ் ஹிஸ்டரியில விழுற முத்திரை வேலை நடந்ததுக்குச் சாட்சி இல்ல, காசு கட்டினதுக்குச் சாட்சி.

வாரண்டிக்கு வர்றேன். அமெரிக்காவுல 1975-லயே மாக்னசன்-மோஸ் சட்டம் வந்தாச்சு. சும்மா கொடுத்தாலொழிய, எங்ககிட்டதான் சர்வீஸ், எங்க பார்ட்ஸ்தான்னு வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2010-ன் 461-ஆம் எண் ஒழுங்குமுறையும் அந்தத் திசையிலதான். மத்த இடங்கள்ல அவங்கவங்க வாரண்டி புத்தகத்தையும் நுகர்வோர் சட்டத்தையும் பார்க்கணும், சேல்ஸ்காரர் வாயைப் பார்க்கக் கூடாது. புத்தகத்துல சாதாரணமா இருக்கிற வாசகம், முறையான பராமரிப்பு இல்லாததால வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாதுங்கிறதுதான். அப்போ பராமரிச்சதை நிரூபிக்கணும். ஆயில், ஃபில்டர் பில், பார்ட் நம்பர் தெரியுற மாதிரி டப்பா போட்டோ, அன்னைக்கு ஓடோமீட்டர் போட்டோ மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வச்சா முடிஞ்சது.

கணக்குப்பிள்ளை

சட்டம் சரி தம்பி. சட்டம் உன் பக்கம் இருந்தும், வண்டி அவங்க யார்டுல ரெண்டு மாசம் நின்னா? டீலரோட சுமுகமா இருக்கிறதுக்கும் ஒரு மதிப்பு உண்டு. பேட்டரி வாரண்டி சாதாரண வாரண்டி மாதிரி இல்ல, நீளமானது. அமெரிக்காவுல டொயோட்டா 2020 மாடல்லேர்ந்து பத்து வருஷம் அல்லது 1,50,000 மைல் கொடுக்குது. அத்தனை வருஷத்துக்கும் கையால எழுதின கணக்கு எடுபடுமா?

ஆரஞ்சுவயர்

இதுல கணக்குப்பிள்ளை சொல்றதுல பாதியை நான் ஒத்துக்கிறேன். ஆயில் மாத்தலேங்கிறதுக்காக பேட்டரி கிளெய்மை நிராகரிக்க முகாந்திரம் இல்ல, ரெண்டுக்கும் தொடர்பே கிடையாது. ஆனா டீலர்கிட்ட மட்டும் கிடைக்கிற ஒண்ணு இருக்கு. ஐரோப்பாவுல டொயோட்டா டீலர்கிட்ட வருஷா வருஷம் ஹைபிரிட் ஹெல்த் செக் பண்ணினா பேட்டரிக்கான கவரேஜ் நீளும். உங்க ஊர்ல, உங்க பிராண்டுல அப்படி ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இருந்தா அதுக்காகவே வருஷம் ஒரு நாள் வண்டியைக் கொடுக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்சு எடுத்துக் கேட்டு வாங்கிக்கோங்க. பேட்டரி பிளாக் ஒவ்வொண்ணோட வோல்டேஜும் அதுல இருக்கும், அடுத்த வருஷ ரிப்போர்ட்டோட பக்கத்துல வச்சுப் பார்த்தா எது விலகிப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

கம்பெனியே குறையைச் சரிபண்ண வண்டியைத் திரும்பக் கூப்பிடுற ரீகாலுக்கு, டீலர்கிட்ட சர்வீஸ் பண்ணியிருக்கணும்னு சிலர் நம்புறாங்க. இல்ல. 2014 பிப்ரவரியில இன்வெர்ட்டர் சாஃப்ட்வேருக்காக உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க. டிரான்சிஸ்டர் அதிகமாச் சூடாகிச் சேதமாகுறதுதான் பிரச்சினை. ரீகால் சேஸிஸ் நம்பரை வச்சுத்தான், சர்வீஸ் புத்தகத்தை வச்சு இல்ல. முகவரியை மட்டும் சரியாப் பதிஞ்சு வைங்க.

மெதுவாப்போ

பேட்டரி ஃபேன் ஃபில்டரைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலையே?

பின் சீட்டுக்குப் பக்கத்துலயோ அடியிலயோ ஒரு ஜாலி மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்னு நினைச்சு விட்டுடுவாங்க. காத்துல குளிர்ற பேட்டரி, கேபின் காத்தை அது வழியாத்தான் இழுக்குது. பை, போர்வை, குழந்தை பொம்மைன்னு அது மேல எதையாவது சாய்ச்சு வச்சிருப்போம். உள்ளே ஃபில்டர்ல தலைமுடி, துணி நூல், தூசி எல்லாம் ஃபெல்ட் துணி மாதிரி ஒட்டி நிக்கும். வீட்டுல நாய், பூனை இருந்தா கேக்கவே வேணாம். காத்து போகலேன்னா பேட்டரி சூடாகும், ஃபேன் வேகமாச் சுத்தும், சூடு தொடர்ந்தா செல் ஆயுசு குறையும். சில மாடல்ல "பேட்டரி கூலிங் பார்ட்ஸைப் பராமரிக்கவும்"னு திரையிலயே எச்சரிக்கை வரும், அது வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கிளிப்பைத் தட்டி மூடியைக் கழட்டி, ஃபில்டரை எடுத்து, வெளிப்பக்கத்துலேர்ந்து வாக்குவம் பிடிச்சாப் போதும். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். டீலர் ஜாப் கார்டுல இது பல தடவை இருக்கவே இருக்காது.

ஆரஞ்சுவயர்

நூத்துக்கு நூறு. செத்துப் போன பேக்குன்னு வர்ற வண்டியில பின் சீட்டைக் கழட்டினா பல நேரம் முதல்ல கண்ணுல படுறது இதுதான். லிக்விட் கூலிங் உள்ள பேட்டரின்னா இந்த ஃபில்டர் இருக்காது, கையேட்டைப் பார்த்துக்கோங்க.

புதுஸ்டியரிங்

இன்னைக்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. ஆயில், ஃபில்டர் தவிர இருக்கிறது: இஞ்சக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், "ஹைபிரிட் சிஸ்டம் ட்ரீட்மென்ட்". எது வேணும்?

இரண்டாவதுகியர்

எதுவும் வேண்டாம். கடைசி ஐட்டத்துக்கு மட்டும் "எந்த பார்ட்டுல என்ன ஊத்துவீங்க?"ன்னு எழுத்துல கேளுங்க, எழுதித் தர மாட்டாங்க.

ஸ்பானர்செட்

இன்ஜின் ஃப்ளஷ் புது இன்ஜினுக்கு எதுக்கு? கையேட்டோட அட்டவணைப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க. அதுல இல்லாததை அவங்க சேர்த்தா, ஏன்னு சொல்ற பொறுப்பு அவங்களோடது.

அந்த எஸ்டிமேட்ல கூலன்ட் இருந்துச்சா? ஹைபிரிட்ல ரெண்டு கூலன்ட் டேங்க் இருக்கும், ஒண்ணு இன்ஜினுக்கு, ஒண்ணு இன்வெர்ட்டருக்கு. டொயோட்டாவோட அமெரிக்க அட்டவணைப்படி இன்ஜின் கூலன்ட் முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர்ல, இன்வெர்ட்டர் கூலன்ட் 2,40,000-ல. அதுக்கு முன்னாடி மாத்தச் சொன்னா காரணம் கேளுங்க. லெவல் பார்க்கிறது உங்க வேலை. மாத்துறது, முக்கியமா இன்வெர்ட்டர் பக்கம், காத்து தங்காம எடுக்கத் தெரிஞ்சவங்க வேலை.

என் கட்சி ஒண்ணு இருக்கு, சண்டைக்கு வருவீங்கன்னு தெரிஞ்சே சொல்றேன். டிரான்ஸ்ஆக்ஸில் ஆயில் "லைஃப்டைம்"னு சொல்றதை நம்பாதீங்க.

கணக்குப்பிள்ளை

கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?

ஸ்பானர்செட்

கம்பெனியோட லைஃப்டைமும் உங்க லைஃப்டைமும் ஒண்ணு இல்ல. இந்த இ-சிவிடியில (ஹைபிரிட்டோட டிரான்ஸ்ஆக்ஸிலுக்கு இன்னொரு பேர்) சாதாரண சிவிடி கியர்பாக்ஸ் மாதிரி பெல்ட் கிடையாது, பிளானட்டரி கியரும் ரெண்டு மோட்டாரும்தான். ஆயில் கியருக்கு வழவழப்பு, மோட்டார் சுருளுக்குக் குளிர்ச்சி. புது கியர் ஒண்ணோடொண்ணு பழகும்போது உதிர்ற இரும்புத் தூள் முதல் ஆயில்லதான் மிதக்கும். ஒரு தடவை இறக்கினா அது சாம்பல் கலந்த கறுப்பா வர்றதைப் பார்ப்பீங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்குத் தொட வேண்டாம்.

வேலை சுலபம்: டிரெயின், ஃபில், ரெண்டு பிளக். முதல்ல ஃபில் பிளக்கைத் திறங்க. அது இறுகியிருந்து கழலலேன்னா, இருந்த ஆயிலை இறக்கிட்டு உள்ளே ஊத்த வழியில்லாம நிப்பீங்க. சிவிடி ஃப்ளூயிட் வாங்கிடாதீங்க, பெயர் ஏமாத்தும். டொயோட்டாவுல நிறைய மாடலுக்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ்ங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், சில புது மாடலுக்கு வேற. கையேட்டுல என்னவோ அதுதான்.

ஆரஞ்சுவயர்

ஒத்துக்கிறேன், வாரண்டிக் காலத்துல பில்லோட செஞ்சா. இன்னொண்ணு, ஏசி. கேஸ் நிரப்புறதை ரோட்டோர ஏசி கடையில விடாதீங்க, நீங்களும் டப்பா வாங்கி ஏத்தாதீங்க. மின்சாரக் கம்ப்ரஸருக்குள்ள இருக்கிற மோட்டார் சுருள் கம்ப்ரஸர் ஆயில்லயே நனைஞ்சு கிடக்கு, அதனால அதுக்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில். சாதாரண கார்களுக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் குறையும். மின் கசிவைக் கண்டுபிடிச்சா கார் ஹை வோல்டேஜையே துண்டிச்சிடும், ரெடிக்கே வராது. கேஸ் மெஷின் குழாயில மிச்சமிருக்கிற பழைய ஆயிலே போதும் இதுக்கு. பெட்ரோல் கார் பழக்கத்துல இங்கேதான் நிறையப் பேர் சறுக்குறாங்க.

இரண்டாவதுகியர்

எல்லாரும் டொயோட்டாவையே பேசுறீங்க. ஹூண்டாய், கியா ஹைபிரிட்ல படமே வேற. இன்ஜினை ஸ்டார்ட் பண்ற ஜெனரேட்டர் பெல்ட்டோட ஓடுது, அப்போ பெல்ட்டைப் பார்க்கணும். நிறைய மாடல்ல கியர்பாக்ஸ் ஆறு கியர். ஆரம்பகால ஐயோனிக், நிரோ ஹைபிரிட்கள்ல 12 வோல்ட்டுக்குத் தனி லெட் ஆசிட் பேட்டரியே கிடையாது, பெரிய பேக்குக்குள்ளயே லித்தியமா இருக்கும். சார்ஜ் இறங்கினா டேஷ்போர்டுல ஒரு ரீசெட் பட்டன். அது தெரியாம பேட்டரி எங்கேன்னு பானெட்டுக்குள்ள தேடிக்கிட்டிருப்பாங்க.

புதுஸ்டியரிங்

நன்றி எல்லாருக்கும். முடிவு பண்ணியாச்சு. ஆயில், ஃபில்டர்கள், பேட்டரி ஃபேன் ஃபில்டர், டயர், ஸ்லைட் பின் இதெல்லாம் நான். பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி, ஆரஞ்சு எதுவானாலும் டீலர், கூடவே வருஷம் ஒரு ஹெல்த் செக். ட்ரீட்மென்ட்டை அடிச்சு விடச் சொல்லிட்டேன். "அது ஆப்ஷனல்தான் சார்"னு உடனே எடுத்துட்டாங்க.

கடைசியா ஒண்ணு: கொஞ்ச நாள் வெளியூர் போறேன், கார் ஷெட்ல நிக்கும். பெரிய பேட்டரி இருக்கே, பிரச்சினை இல்லையே?

ஆரஞ்சுவயர்

பெரிய பேட்டரி தாங்கும், படுத்துக்கிறது 12 வோல்ட்தான். அது சின்னது, கம்ப்யூட்டர்களும் ஸ்மார்ட் கீ ரிசீவரும் சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அது இறங்கினா பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தும் கார் ரெடிக்கு வராது. வீட்டுல யாராவது இருந்தா வாரம் ஒரு தடவை ரெடியில ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லுங்க. அக்சஸரியில வச்சா சார்ஜ் ஏறாது, ரெடி விளக்கு எரியணும். நடுவுல இன்ஜின் தானா ஓடும், அதனால மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம், வெளியே எடுக்கணும்.

ஆள் இல்லேன்னா 12 வோல்ட் நெகட்டிவைக் கழட்டிட்டுப் போங்க. உங்க மாடல்ல அந்த பேட்டரி டிக்கியில இருந்தா, கழட்டின பிறகு டிக்கியை மூடுறதுக்கு முன்னாடி யோசிங்க. நிறைய மாடல்ல டிக்கிப் பூட்டு மின்சாரத்துலதான் திறக்கும். மூடிட்டா, ரிமோட்டுக்குள்ள இருக்கிற இரும்புச் சாவியால டிரைவர் கதவைத் திறந்து, பின் சீட்டை மடிச்சு உள்ளே தவழ்ந்து போய்த்தான் கையால திறக்கணும். இன்னொரு வழி, பானெட்டுக்கு அடியில ஃப்யூஸ் பாக்ஸ்ல இருக்கிற ஜம்ப் முனைக்கு வெளி பேட்டரி கொடுக்கிறது. அந்த முனை எங்கே இருக்குன்னு போறதுக்கு முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க.

புதுஸ்டியரிங்

பார்த்துட்டேன். சிவப்பு மூடி. சேல்ஸ்காரர் திறக்க வேண்டாம்னு சொன்ன பானெட்டுக்குள்ளதான் இருக்கு.